சின்சே கொடுத்த கசப்பு மாத்திரையும் அம்மாவின் தமாக்சிஃபெனும்: கேன்சர் கொழுப்பைத் தின்கிறதா?

1. கிள்ளான் மகள்

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 49 வயது. போன வருடம் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து, கதிர்வீச்சும் முடிந்தது. இப்போது தினம் 20 மில்லிகிராம் தமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று வந்தது. டாக்டர் "கொஞ்சம் எடையைக் குறையுங்கள், அடுத்த முறை பார்ப்போம்" என்றார். அம்மாவுக்கு அது போதவில்லை. கேன்சரும் கொழுப்பும் ஒரே ஸ்கேன் அறையில் வந்து நின்றதும் ஆடிப்போய்விட்டார்.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி தன்னுடைய சின்சேயிடம், அதாவது சீன நாட்டு வைத்தியரிடம், அழைத்துப் போனார். மலேசியாவில் எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல, சுளுக்குக்கும் இருமலுக்கும் நாங்களே போவோம். சின்சே இரண்டு கையிலும் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கில் தடித்த மஞ்சள் படிவு, உடம்பில் ஈரமும் கபமும் தேங்கிவிட்டது, அதுதான் கல்லீரலில் கொழுப்பாக நிற்கிறது என்றார். இரண்டு டப்பா மாத்திரை கொடுத்தார். ஹுவாங்லியன் என்று பேர். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், அரைத்த மஞ்சளைவிட அடர்ந்த மஞ்சள். நாக்கு நுனியில் வைத்தேன். இரண்டு கோப்பை காப்பி குடித்த பிறகும் கசப்பு போகவில்லை. ஆன்ட்டி சிரித்துக்கொண்டே, ஊமை ஹுவாங்லியன் தின்ற மாதிரி என்று சீனத்தில் ஒரு பழமொழி உண்டு என்றார். கசப்பைச் சொல்லவும் முடியாது.

இணையத்தில் தேடினால் "கேன்சர் செல் கொழுப்பைத் தின்று வளர்கிறது, சீன மூலிகைகள் அதைத் தடுக்கின்றன" என்று கட்டுரை மேல் கட்டுரை. எது உண்மை? தமாக்சிஃபெனோடு இதைக் கொடுக்கலாமா? அம்மா 9 நாளாகச் சாப்பிடுகிறார்.

2. கொல்லிமலைச் சாரல்

தங்கையே, பயப்படாதீர்கள். ஈராயிரம் வருடமாகக் கோடிக்கணக்கான மக்கள் சாப்பிட்ட மருந்து. சீனாவில் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே கீமோவும் கஷாயமும் பக்கத்துப் பக்கத்தில் கொடுக்கிறார்கள். மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் கண்டுபிடித்த தூ யூயூவுக்கு 2015இல் நோபல் கொடுத்தது சும்மாவா? இரத்தப் புற்றுநோய்க்குப் பாஷாணம் (ஆர்செனிக்) கொடுத்துக் குணப்படுத்தியதும் சீனர்கள்தான். கொடுங்கள், நல்லதே நடக்கும்.

3. சிங்கை மருந்தாளர்

கிள்ளான் மகள், மற்ற விவாதமெல்லாம் அப்புறம் இருக்கட்டும். முதலில் இது. அடுத்த வேளை ஹுவாங்லியன் மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள். தமாக்சிஃபெனை நிறுத்தாதீர்கள். நாளை காலையே அம்மாவின் புற்றுநோய்ப் பிரிவு மருந்தாளரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

காரணம் சொல்கிறேன். தமாக்சிஃபென் விழுங்கியபடியே முழு வேலை செய்கிற மருந்து இல்லை. கல்லீரலில் சி.ஒய்.பி. 2டி6 என்று ஒரு நொதி இருக்கிறது. அது தமாக்சிஃபெனை எண்டாக்சிஃபென் ஆக மாற்றினால்தான் மருந்தின் வலு வரும். ஹுவாங்லியனில் இருக்கும் முக்கியச் சரக்கு பெர்பரின். ஆரோக்கியமானவர்களுக்கு 2 வாரம், தினம் மூன்று வேளை 300 மில்லிகிராம் பெர்பரின் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இதே 2டி6 நொதியின் வேலை நன்றாகவே குறைந்தது. அம்மா உடம்பில் எண்டாக்சிஃபென் எவ்வளவு குறைந்தது என்று என்னால் சொல்ல முடியாது, 9 நாளில் பெரிய கேடு நடந்துவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் 5 வருடம், 10 வருடம் எடுக்கவேண்டிய மருந்தின் காலடியில் குழி தோண்டக் கூடாது.

இன்னொன்று. தமாக்சிஃபெனே கல்லீரலில் கொழுப்பு படிய வைக்கும். அது தெரிந்த பக்கவிளைவு, பலருக்கும் வரும். டாக்டர் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அம்மா இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

4. கிள்ளான் மகள்

நிறுத்திவிட்டேன். தமாக்சிஃபெனாலேயே வரும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன், பெருமூச்சு விட்டார். நாளைக்குக் கூப்பிடுகிறேன்.

ஆனால் அந்தக் கட்டுரைகள்? கேன்சர் கொழுப்பைத் தின்கிறது என்பது பொய்யா?

5. சோதனைச்சாலை வாசி

பொய்யில்லை. கொழுப்பு வளர்சிதைமாற்றத்தில்தான் என் தினப்படி வேலை, அதனால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

ஒரு செல் இரண்டாக வேண்டுமானால் இன்னொரு செல்லுக்கான சுவர் வேண்டும். செல்லின் சவ்வுக்கு முக்கியச் சரக்கே கொழுப்பு. நம் உடம்பில் பெரும்பாலான செல்கள் அந்தக் கொழுப்பை இரத்தத்திலிருந்து வாங்கிக்கொள்ளும், நாம் சாப்பிட்டதிலிருந்தோ கல்லீரல் செய்ததிலிருந்தோ. கேன்சர் செல் அப்படி இல்லை. கடை முழுக்க எண்ணெய் இருக்கும்போதே தன் வீட்டுக்குள் ஒரு செக்கைப் போட்டு ஆட்டத் தொடங்கிவிடும். கட்டித் திசுக்கள் தமக்கு வேண்டிய கொழுப்பைத் தாமே செய்துகொள்கின்றன என்பது 1950களிலேயே தெரிந்தது. 1994இல் பிரான்சிஸ் குஹாஜ்டா குழு, மோசமாகப் போகும் மார்பகப் புற்றுநோய்களில் அதிகம் தென்பட்ட ஒரு புரதம் என்னவென்று தேடிப்போனது. கடைசியில் அது இந்தச் செக்குதான், கொழுப்பு அமில சிந்தேஸ் என்ற நொதி. இரண்டிரண்டு கார்பனாகக் கோத்துக்கொண்டே போய் 16 கார்பன் நீளத்தில் பாமிட்டிக் அமிலத்தை வெட்டி வெளியே விடும்.

சரி, செக்கை நிறுத்திவிட்டால் கேன்சர் செத்துவிடுமா? எல்லோருக்கும் அந்த ஆசை இருந்தது, இன்றும் இருக்கிறது. முதலில் செய்த தடுப்பான்கள் எலியின் பசியையே அடைத்து உடம்பை இளைக்க வைத்தன. எடை குறைக்கத் தரும் ஆர்லிஸ்டாட் சோதனைச்சாலைக் கண்ணாடித் தட்டில் இதே நொதியைத் தடுக்கும், ஆனால் வாய்வழி கொடுத்தால் குடலைத் தாண்டி உள்ளே போவது மிகக் குறைவு. டெனிஃபான்ஸ்டாட் என்ற புதிய தடுப்பான் மனிதர்களில் சோதனைக்கு வந்தது, கேன்சரிலும் கொழுப்புக் கல்லீரல் நோயிலும்.

அதைவிடப் பெரிய சிக்கல் செல்லின் சாமர்த்தியம். செக்கை மூடினால் கடைக்குப் போய்விடும். செல்லின் மேல் சிடி36 என்று ஒரு புரதம் இருக்கிறது, இரத்தத்திலிருந்து கொழுப்பு அமிலத்தை உள்ளே இழுக்கும் வாசல் அது. பார்சிலோனாவில் பெனிட்டா குழு செய்த எலி ஆய்வு 2017இல் நேச்சர் இதழில் அச்சானது. வாய்ப் புற்றுநோயில் இந்த வாசல் மிகுந்த செல்கள்தான் வேறு உறுப்புக்குப் பரவின. வாசலை அடைத்தால் பரவல் குறைந்தது. ஆக, ஒரே கட்டியில் ஒரு செல் ஆட்டும், இன்னொன்று வாங்கும், மூன்றாவது அதையே எரித்து வயிற்றைக் கழுவும். "கேன்சர் கொழுப்பைத் தின்கிறது" என்ற ஒரு வரிக்குள் இத்தனை கதை இருக்கிறது.

6. கிள்ளான் மகள்

செக்கு உதாரணம் அம்மாவுக்கே புரிந்தது. நன்றி அண்ணா. அப்படியானால் ஹுவாங்லியன் அந்தச் செக்கைத் தடுக்கிறது என்று எழுதியிருப்பதும் உண்மையா?

7. சோதனைச்சாலை வாசி

கண்ணாடித் தட்டில், உண்மை. பெர்பரின் ஏ.எம்.பி.கே. என்ற நொதியைத் தட்டி எழுப்பும். வீட்டில் அரிசி குறைந்துவிட்டது, செலவைச் சுருக்கு என்று செல்லுக்குச் சொல்கிற நொதி அது. அது விழித்தால் கொழுப்பு செய்யும் வேலை நிற்கும். செல்லும் மெதுவாக வளரும்.

இப்போது அளவைப் பாருங்கள். இந்தக் கட்டுரைகளில் செல்லின் மேல் ஊற்றுவது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோமோலார். குறைந்தபட்சமான 10ஐ எடுத்தாலே ஒரு மில்லிக்குச் சுமார் 3,400 நானோகிராம். ஒரு மனிதர் 400 மில்லிகிராம் பெர்பரின் விழுங்கினால் அவர் இரத்தத்தில் உச்சமாக வருவது ஒரு மில்லிக்கு ஒரு நானோகிராமுக்கும் குறைவு. குடல் சுவரே அதைத் திருப்பித் தள்ளிவிடுகிறது, மிச்சத்தைக் கல்லீரல் மாற்றிவிடுகிறது. ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். அந்தக் கட்டுரைகளில் செத்த கேன்சர் செல் பார்த்த பெர்பரினை அம்மாவின் மார்புத் திசு ஒருநாளும் பார்க்கப் போவதில்லை.

பிறகு, கணினியிலேயே செய்கிற ஒரு வகைக் கட்டுரை இருக்கிறது. கஷாயத்தில் உள்ள மூலிகைப் பட்டியலை ஒரு தரவுத்தளத்தில் போட்டால் அதிலுள்ள வேதிப்பொருள்கள் வரும். அவை தொடக்கூடிய புரதங்கள் வரும். கேன்சரோடு தொடர்புள்ள புரதங்களோடு பொருத்தினால் ஒரு வலைப்படம் வரும். எந்தக் கஷாயத்தைப் போட்டாலும் குவெர்செட்டின், கேம்ப்ஃபெரால், பீட்டா சிட்டோஸ்டெரால் என்ற அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்திருக்கிறேன். இவை வெங்காயத்திலும் கீரையிலும் பருப்பிலும் இருப்பவை. எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு உள்ளே போகிறது என்ற கேள்வி அந்தப் படத்தில் எங்குமே இல்லை. ஒரு நோயாளியின் மகள் இரவு 2 மணிக்கு அதை வாசித்துவிட்டு நம்பிக்கையோடு தூங்கப் போகிறாள் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

8. கொல்லிமலைச் சாரல்

உங்கள் கணக்கை ஏற்கிறேன். ஆனால் உள்ளேயே போகாத பொருள் எப்படி வேலை செய்தது? 2004இல் நேச்சர் மெடிசின் இதழில் சீன ஆய்வாளர்கள் எழுதியதை நான் வாசித்திருக்கிறேன். வேறு கொழுப்பு மருந்து எடுக்காத 32 பேருக்குத் தினம் ஒரு கிராம் பெர்பரின், 3 மாதம். கெட்ட கொலஸ்ட்ரால் 25 சதவீதம், ட்ரைகிளிசரைடு 35 சதவீதம் குறைந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்? மனிதர்களில் செய்தது, தட்டில் அல்ல.

9. சோதனைச்சாலை வாசி

நியாயமான கேள்வி. இதில் நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், திருத்திக்கொள்கிறேன்.

இரத்தத்தில் குறைவு என்பதால் எங்குமே இல்லை என்று ஆகாது. குடலிலிருந்து போகும் இரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது, அங்கே பெர்பரின் இரத்தத்தைவிட நன்றாகவே தேங்கும். குடல் கிருமிகள் அதை எளிதில் உறிஞ்சப்படும் வேறு வடிவத்துக்கு மாற்றுவதும் தெரிந்திருக்கிறது. கொலஸ்ட்ரால் குறைவது கல்லீரலில் நடக்கிற வேலை, அதனால் அந்த 2004 முடிவு என் கணக்கோடு மோதவில்லை. மருந்து எங்கே போய்ச் சேர்கிறதோ அங்கே வேலை செய்கிறது.

இதே காரணத்தால்தான் பெர்பரின் ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது பெருங்குடல் ஆய்வு. ஷாங்காயிலிருந்து ஃபாங் ஜிங்யுவான் குழு நடத்தியது, 2020இல் லான்செட் குழுமத்தின் இதழில் வந்தது. குடலில் சதைமுளைகளை அகற்றியவர்களில் ஒரு பாதிக்கு 0.3 கிராம் பெர்பரின் தினம் இரண்டு வேளை, மறு பாதிக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2 வருடத்துக்குள் வெற்று மாத்திரைக்காரர்களில் 47 சதவீதம் பேருக்கு முளை திரும்ப வந்தது, பெர்பரின் குழுவில் 36 சதவீதம். அதிகம் தென்பட்ட பக்கவிளைவு என்று பார்த்தால் சிலருக்கு மலச்சிக்கல். உறிஞ்சப்படாத மருந்து முழுவதும் போய்த் தொடுகிற இடம் பெருங்குடல்தானே. இரத்தத்தில் ஏறாததுதான் அங்கே அதற்குப் பலம்.

அது கேன்சரைக் குணப்படுத்திய ஆய்வு இல்லை, கேன்சராகக்கூடிய முளை திரும்ப வருவதைக் குறைத்த ஆய்வு. அதற்கே ஆயிரம் பேரும் வருடக்கணக்கான பொறுமையும் தேவைப்பட்டது. சீன மருத்துவத்தை மதிப்பது என்றால் இப்படி மதிக்க வேண்டும்.

10. சிங்கை மருந்தாளர்

கொல்லிமலை அண்ணா சொன்ன பாஷாணத்துக்கும் ஒரு வார்த்தை. அது நிஜமான வெற்றி. 1970களில் ஹார்பினில் ஜாங் டிங்டொங் குழு நாட்டு வைத்தியச் சரக்கு ஒன்றிலிருந்து தொடங்கியது. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்து ஆர்செனிக் மட்டுமே வேலை செய்கிறது என்று கண்டார்கள். அதைச் சுத்தமான ஊசி மருந்தாக்கினார்கள். குறிப்பிட்ட ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கு மட்டும் என்று எல்லை கட்டினார்கள். 2013இல் வந்த ஐரோப்பிய ஆய்வில், ட்ரெட்டினாய்ன் என்ற மருந்தோடு இதைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் 97 சதவீதம் பேர் 2 வருடம் எந்தப் பின்னடைவும் இல்லாமல் இருந்தார்கள், கீமோ சேர்த்தவர்களில் 86 சதவீதம். இந்த ஊசியைப் போடும் வாரங்களில் இதயத் துடிப்பு வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். துடிப்பின் தாளத்தையே கெடுக்கக்கூடிய மருந்து அது.

11. பொதிகை

சித்த மருத்துவம் படித்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

ஹுவாங்லியனின் மஞ்சளும் கசப்பும் நமக்கு அந்நியமில்லை. நம் மரமஞ்சளை வெட்டிப் பார்த்தால் அதே மஞ்சள், அதே கசப்பு, ஏனென்றால் அதே பெர்பரின். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கைக் காடுகளிலும் படரும் கொடி. சிங்களத்தில் வெனிவெல் என்பார்கள். மஞ்சளுக்கும் அதற்கும் உறவே இல்லை, நிறம்தான் ஒன்று. தண்டுக்காக வேரோடு வெட்டி வெட்டி இப்போது கொடியே அரிதாகிவிட்டது. ஆகவே மேலே சொன்ன தமாக்சிஃபென் எச்சரிக்கை மரமஞ்சள் சேர்ந்த குடிநீருக்கும் பொருந்தும். நம்மூர் மூலிகை என்பதால் நொதி வழிவிடாது.

அடுத்து, அந்தச் சின்சே சொன்ன "கபம்". இதைக் கொலஸ்ட்ரால் என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள், அங்கேதான் தடம் மாறுகிறது. யுவான் காலத்து மருத்துவர் ஜூ டான்ஷி, பருத்த உடம்பில் கபமும் ஈரமும் மிகுதி என்றார். அவர் கண்டது நாக்கு, நாடி, உடல் கனம், சோர்வு, செரிமானம். இரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் எண்ணை அவர் பார்த்ததில்லை. நம்மிலும் ஏழு உடற்கட்டுகளில் சாரம், செந்நீர், ஊன் ஆகியவற்றுக்கு அடுத்து கொழுப்பு வருகிறது. அதை எடுத்து நேராகக் கொழுப்பு அமில சிந்தேஸில் ஒட்டினால் சித்தருக்கும் நியாயமில்லை, செல்லுக்கும் நியாயமில்லை. ஒரு மரபு எதைக் கவனித்தது என்பது மதிப்புள்ளது. அது ஒரு துப்பு. துப்பு கிடைத்த பிறகு நடக்க வேண்டிய விசாரணை பாக்கி இருக்கிறது.

துப்பு பலித்த இடமும் உண்டு. சீனச் சமையலில் சிவப்பு அரிசி என்று ஒன்று, சோற்றில் ஒரு பூஞ்சையை வளர்த்துச் சிவக்க வைப்பது. 16ஆம் நூற்றாண்டில் லீ ஷிஜென் தொகுத்த மருந்து நூலிலேயே இருக்கிறது. 1979இல் ஜப்பானின் அகிரா எண்டோ அந்தப் பூஞ்சை இனத்திலிருந்து மொனாகோலின் கே என்ற பொருளைப் பிரித்தார். அமெரிக்காவில் வேறொரு பூஞ்சையிலிருந்து பிரித்த லோவாஸ்டாட்டினும் அதுவும் ஒரே மூலக்கூறு. இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் கொலஸ்ட்ரால் மாத்திரைகளின் குடும்பத்தில் மூத்த பிள்ளை.

12. சோதனைச்சாலை வாசி

பொதிகை, அருமையாகச் சொன்னீர்கள். அதையே இன்னொரு அடி எடுத்துப் போகிறேன். ஸ்டாட்டின்கள், அதாவது நீங்கள் சொன்ன கொலஸ்ட்ரால் மாத்திரைக் குடும்பம், கண்ணாடித் தட்டில் கேன்சர் செல்களைக் கொல்லும், நூற்றுக்கணக்கான கட்டுரைகள் உண்டு. செல்லுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும், அதைத் தடுத்தால் சாகும், தர்க்கம் சரிதான். பிரிட்டனில் சிறுசெல் நுரையீரல் புற்றுநோயாளிகள் 846 பேரை வைத்துப் பார்த்தார்கள், கீமோவோடு பிரவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் ஒரு குழுவுக்கு, வெற்று மாத்திரை மறு குழுவுக்கு. 2017இல் முடிவு வந்தது. ஆயுளில் வித்தியாசம் இல்லை. இத்தனைக்கும் ஸ்டாட்டின் தரமாகச் செய்த, அளவு தெரிந்த, கோடிப் பேர் சாப்பிடும் மாத்திரை.

13. காவிரிக்கரை

நான் இந்த இழையை வாசிக்க மட்டும்தான் நினைத்தேன். "கேன்சர் கொழுப்பைத் தின்கிறது" என்ற வரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய். யாரோ அனுப்பிய வீடியோவில் இதே வாக்கியம் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் எண்ணெய் நின்றது, நெய் நின்றது, முட்டையில் மஞ்சள் கரு நின்றது, தேங்காய் நின்றது. கேன்சரைப் பட்டினி போடுகிறோம் என்று நானே நம்பினேன். அப்பா 71 கிலோவிலிருந்து நான்கே மாதத்தில் 54க்கு வந்தார். கைக்கடிகாரத்தின் வாரை அம்மா ஆணியால் புதிதாய் ஓட்டை போட்டுக் கட்டிவிட்டார். பிறகு அதுவும் தளர்ந்தது. கீமோ அடுத்த சுற்றுக்குப் போனபோது, இந்த எடையில் முழு அளவு கொடுக்க முடியாது என்று சொன்னார்கள்.

கிள்ளான் மகள், உங்கள் அம்மாவின் நிலை வேறு, அவருக்கு எடை குறைவது நல்லதாகவே இருக்கலாம். ஆனால் இதை வாசிக்கிற வேறு யாராவது இன்று ராத்திரி சமையலறையிலிருந்து நெய்யை எடுத்து ஒளித்து வைக்கக் கூடாது.

14. சோதனைச்சாலை வாசி

காவிரிக்கரை, உங்களை நினைத்து வருந்துகிறேன். நீங்கள் அன்பால் செய்தது அது.

நோயே உடம்பின் கொழுப்பையும் தசையையும் கரைக்கும் நிலை அது. கட்டியிலிருந்தும் உடம்பின் எதிர்வினையிலிருந்தும் வரும் சைகைகள் கொழுப்புத் திசுவைச் சும்மா இருக்கவிடாமல் கரைத்துக்கொண்டே இருக்கும். சாப்பாட்டில் எண்ணெயை நிறுத்தினாலும் கட்டிக்கு உடம்பின் சேமிப்பு இருக்கிறது. பட்டினி கிடப்பது நோயாளிதான். ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டி புற்றுநோயாளிகளுக்குச் சொல்வது நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை. எடை இழந்துகொண்டிருக்கும், இன்சுலின் சரியாக வேலை செய்யாத நோயாளிக்கு மாவுச்சத்தைவிடக் கொழுப்பின் பங்கைக் கூட்டச் சொல்கிறது. வீடியோ சொன்னதற்கு நேர் எதிர்.

15. கொல்லிமலைச் சாரல்

காவிரிக்கரை, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதல் பதிவில் "கொடுங்கள்" என்று நான் சட்டென எழுதியது தப்பு. தங்கையின் அம்மா எடுக்கும் மருந்தோடு இது சேருமா என்று நான் யோசிக்கவே இல்லை.

ஒரு கேள்வி. இந்த மாதிரி மூலிகைகள் நொதியோடு மோதுவது சரி, ஆனால் தனியாகச் சாப்பிட்டால் கெடுதல் இல்லைதானே? எங்கள் பக்கம் உடம்பு இளைக்கவும் பூச்சிக்கும் எத்தனையோ பச்சிலை உண்டு.

16. சிங்கை மருந்தாளர்

அண்ணா, இதற்கு பிரஸ்ஸல்ஸ் கதையைச் சொல்லியாக வேண்டும். நான் படிக்கும்போது எங்களுக்கு முதல் வகுப்பே இதுதான்.

1990களின் தொடக்கத்தில் அங்கே ஒரு எடைக்குறைப்பு மருத்துவமனை. கொழுப்பைக் கரைக்கும் மாத்திரையில் சீன மூலிகைகளைச் சேர்த்தார்கள். சேர்க்க நினைத்தது ஃபாங் ஜி என்ற வேர். வந்தது குவாங் ஃபாங் ஜி என்ற வேறொரு செடியின் வேர். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், தூளாக்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவதில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது. 100க்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. 1993இல் லான்செட் இதழில் முதல் செய்தி வந்தது. அப்புறம் முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகமும் சிறுநீர்க்குழாயும் அகற்றிய 39 பேரைச் சோதித்தார்கள். 18 பேருக்கு அங்கே கேன்சர். மாத்திரையை நிறுத்திப் பல வருடம் கழித்து. அந்த அமிலம் மரபணுவில் தனித்த ஒரு வடு போடும், வருடங்கள் கழித்தும் படிக்கலாம். தைவானில் சேகரித்த கல்லீரல் கேன்சர்களில் நான்கில் மூன்றுக்கு மேல் அதே வடு இருந்ததாக 2017இல் எழுதினார்கள்.

உங்கள் பக்கத்துப் பச்சிலைகளில் ஆடுதின்னாப்பாளை இருக்கும், பூச்சிக்குக் கொடுப்பது. ஈசுவரமூலி, சிலர் பெருமருந்து என்பார்கள், அதுவும் இருக்கும். இரண்டும் அதே குடும்பம், இரண்டிலும் அதே அமிலம்.

17. பொதிகை

ஆமாம். எங்கள் ஆட்களுக்கு இது கேட்கக் கசக்கும், ஆனால் நான் ஒத்துக்கொள்கிறேன். ஆட்டுக்கே கசந்து தின்னாமல் விட்ட பாளை என்று பெயரிலேயே எச்சரிக்கை வைத்திருந்தார்கள்.

18. மட்டுறுத்துநர்

மாத்திரை விற்கும் இணைப்புகளோடு வந்த 3 பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வணிகப் பெயர்கள் வேண்டாம். இழையைப் பூட்டவில்லை, தொடருங்கள்.

19. கிள்ளான் மகள்

4 நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, உண்மையாகவே.

புற்றுநோய்ப் பிரிவு மருந்தாளரிடம் பேசினேன். நிறுத்தியது சரி என்றார், எதற்கும் கல்லீரல் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். நேற்று இரத்தம் கொடுத்தாயிற்று. கொழுப்புக் கல்லீரலுக்கு இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஒரு நாளைக்கு அரைமணி நேர நடை, இனிப்பு பானம் குறைப்பது, 6 மாதத்தில் திரும்ப ஸ்கேன். அம்மா மூன்று வேளையும் தே தாரிக் என்ற இனிப்புப் பால் தேநீர் குடிப்பவர். அதுதான் பெரிய சண்டையாகப் போகிறது.

சின்சேயிடமும் போனோம். ஆன்ட்டிக்குச் சங்கடமாக இருக்குமோ என்று பயந்தேன், அவர்தான் முதலில் கிளம்பினார். சின்சே தமாக்சிஃபென் அட்டையைக் கையில் வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் வாசித்தார். "இதை ஏன் அன்றைக்குக் காட்டவில்லை?" என்று கேட்டார். நாங்கள் காட்டவில்லைதான். அவர் கேட்கவும் இல்லை. ஹுவாங்லியனை நிறுத்தச் சொல்லிவிட்டு, வேறு எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. காசு வாங்கவில்லை.

வந்ததும் அம்மா சாப்பிடும் எல்லாவற்றையும், சத்து மாத்திரை, ஆன்ட்டி தரும் சூப்பில் போடும் வேர் உட்பட, ஒரு தாளில் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அந்தச் சூப்பு வேரின் பெயர் டாங் குய் என்று ஆன்ட்டி சொன்னார். அதைப் பற்றியும் கேட்க வேண்டுமா?

20. சிங்கை மருந்தாளர்

கேளுங்கள், கட்டாயம். ஹார்மோனைத் தடுக்கத்தான் தமாக்சிஃபென் கொடுக்கிறோம், டாங் குய் அதற்கு எதிராகப் போகலாம் என்ற சந்தேகம் உண்டு. இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரினோடும் அது மோதும். சூப்பில் எத்தனை துண்டு, வாரத்துக்கு எத்தனை நாள் என்றும் தாளில் எழுதுங்கள். அந்த இரண்டு டப்பாவையும் குப்பையில் போடாமல் அடுத்த முறை பையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

21. கிள்ளான் மகள்

டப்பா அம்மா கைப்பையில் இப்போதே ஏறிவிட்டது. டாங் குய் வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு, விரல் நீளத்தில் இரண்டு துண்டு. எழுதிவிட்டேன்.